ஒரு கலம் பயம்

அத்தான் எங்கள் வீட்டில் பேசிய முதல் வாக்கியம், "நான் அந்த நாற்காலிக்கு மாறி உக்காரலாமா? இங்க மேல பல்லி இருக்கு" என்பதுதான்.

அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார். பட்டாளத்து மாப்பிள்ளை வருகிறார் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், சம்பந்தமே இல்லாதவர்கள்கூட எங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், நல்ல உயரமான அந்த மனிதர், மழுமழுவென்று வழித்த முகத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபடியே எழுந்து, அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"பல்லின்னா பயமா, மாப்பிள்ளை?" என்று அப்பா சிரிக்க முயன்றார். இல்லை என்று சொல்ல வழி விட்டுத்தான் கேட்டார்.

"ஆமாங்க மாமா. ரொம்ப இல்லை. ஒரு ஆழாக்கு இருக்கும்."

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. "அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்றாள். அவர் முகத்தை அவள் அதுவரை பார்த்திருக்கவே இல்லை.

அது வேடிக்கைக்குச் சொன்ன பேச்சில்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. களத்தில் நெல் அளக்கிற அளவைகளை வைத்துத்தான் அத்தான் தன் பயங்களை அளந்தார். ஆழாக்கு மிகச் சின்னது. அதற்கு மேல் படி, அதற்கு மேல் மரக்கால், பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். பல்லி ஆழாக்கு. கும்பகோணத்து டவுன் பஸ் ஓட்டுநர்கள் அரை மரக்கால். ஊசி ஒரு படி. ஆழமான தண்ணீர் ஒரு மரக்கால். ஆகாய விமானம் ஒரு கலம். அவருடைய கூட்டாளிகள் எல்லாம் ஏஜெண்டைப் பிடித்துச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன காலத்தில் அவர் பட்டாளத்துக்குப் போனதற்குக் காரணமே அதுதான். "சிங்கப்பூருக்கு ரயில் இல்லையாமேம்மா" என்றார் என்னிடம். "காஷ்மீருக்குக் கொஞ்சதூரமாவது ரயில் இருக்கு."

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அக்கா புருஷனைக் கேலி செய்ய மைத்துனிக்கு உள்ள உரிமையை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாவில் ரப்பர் பல்லி ஒன்று வாங்கி வந்து அவர் சட்டைப் பையில் போட்டேன். சட்டையை மாட்டியவர், அதே வேகத்தில் கழற்றி எறிந்துவிட்டுக் கொல்லைக் கதவு வரை ஓடி, அங்கிருந்து தலையை மட்டும் நீட்டி, "ரப்பர்னு தெரியுது. இருந்தாலும் நீயே எடு" என்றார்.

அவரிடம் வெட்கமே கிடையாது. எல்லோருக்கும் பயம் இருக்கும், மறைத்து வைத்துக்கொள்வார்கள். நானெல்லாம் எடுத்ததற்கெல்லாம் பயந்து, பயந்தது வெளியே தெரிந்துவிட்டதோ என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுகிறவள். அவருக்குப் பசியும் தாகமும் மாதிரி அது ஒன்று. சொல்லுவார், அளவும் சொல்லுவார், பிறகு அந்தக் காரியத்தைச் செய்வார். பயமாக இருக்கிறது என்பதற்காக அவர் ஒன்றைச் செய்யாமல் விட்டதாக, விமானத்தைத் தவிர, வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

இந்த மனிதருக்குத்தான் போன தை மாதம் எங்கள் ஊர்முனையில் சிலை வைத்தார்கள்.

அத்தான் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எல்லைப் பக்கத்து மலை ஒன்றில், பனியில், அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கி வரப் போய் இறந்தார். சிங்கப்பூர்க் கூட்டாளிகள் சேர்ந்து, சிலை எங்கள் பொறுப்பு என்றார்கள். மாதா கோயில் பங்குச் சாமியார் ஜெபம் செய்து திறந்து வைப்பது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பேசுவது, அக்கா மகள் ஜெனி துணியை விலக்கி மாலை போடுவது என்று எல்லாம் முடிவாயிற்று.

சிலை செய்ய வந்த ஸ்தபதி பக்கத்து ஊர்களின் ஐயனார் கோயில்களுக்குக் காவல் வீரன் பொம்மைகள் செய்கிறவர். சிமெண்டு வேலையில் கெட்டிக்காரர். அத்தானின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்தார். ஆனால் அவர் கை பழகிய தடத்தில் போய்விட்டது. கண்கள் இரண்டும் முழித்துக்கொண்டு வெளியே வந்தன. காது வரைக்கும் மீசை ஏறியது. உதடு சிவந்தது. அரிவாளுக்கு மடக்கிய கையில் துப்பாக்கி. பச்சை உடுப்பும் பூட்ஸும் மட்டும் இந்திய ராணுவம். குதிரை ஒன்றுதான் பாக்கி.

நான் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். "படத்துல மீசை இல்லையேங்க?"

"படம் எடுத்த அன்னிக்குச் செரைச்சிருப்பாரும்மா."

"கண்ணு கொஞ்சம் சாந்தமா இருந்தா..."

"காவலுக்கு நிக்கிறவருதானே? சாந்தமா வச்சோம்னா மாடு வந்து முதுகைத் தேய்ச்சுட்டுப் போவும்."

அதற்கு மேல் எனக்கு வாதாட வரவில்லை. சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சிலை பிடித்துப்போயிற்று. "வீரன்னா இப்படில்ல இருக்கணும்!" என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெனி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அத்தான் போனபோது அவள் சின்னக் குழந்தை. அவர் முகம்கூட நினைவில்லை. தோழிகளோடு சிலையைப் பார்க்கப் போனவள், தனியாக ஓடி வந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். "நான் வரமாட்டேன். அது என்னைப் பாக்குது" என்றாள்.

என் அப்பா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அடி என் கண்ணு, உங்கப்பனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. புலி! அவன் மகளா இப்படி டிரம்முக்குப் பின்னாடி ஒளியுறது?"

அன்று சாயங்காலம் என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜெனி பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, என்னை எங்கேர்ந்தாச்சும் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு இருட்டுன்னா பயம், பெரிய நாய்னா பயம், அப்பா சிலைன்னாலே பயம். அப்பாவுக்கு எதுவுமே பயம் இல்லை. நான் அப்பா மாதிரி இல்லைல்ல?"

அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. ஆனால் அதை அவிழ்க்கலாமா என்றுதான் தெரியவில்லை.

ஏனென்றால், அத்தான் இறந்த நாளிலிருந்து அவருடைய பயங்களை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அஞ்சாநெஞ்சர் என்றார்கள், நாங்கள் தலையாட்டினோம். ஒருமுறை நான் ரப்பர் பல்லியைப் பற்றி ஆரம்பித்தபோது, "நாட்டுக்காக உயிரைக் குடுத்தவனைப் பத்தி அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. மரியாதை இல்லை" என்று அப்பா தடுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது. அக்கா எதுவுமே சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து அலுவலக வேலை, வீடு, ஜெனி என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மஸ்கட்டிலிருந்து பேசியபோது கேட்டேன். "ஜெனிகிட்ட சொல்லலாமா? சொன்னா அத்தானுக்கு மரியாதைக் குறைவாயிடுமா? சொல்லாம விட்டா அந்தப் புள்ளை மனசுல..."

"நிமிஷத்துக்குக் காசு ஓடுது" என்றார் அவர். "பாப்பாவுக்கு இட்லியா தோசையான்னே போன வாரம் என்கிட்டதான் கேட்ட. இதுக்கு மட்டும் நான் என்ன சொல்றது? உனக்குத்தான் அவரைத் தெரியும். நான் பாத்ததே இல்லையே."

அது உண்மைதான். எனக்குத்தான் அவரைத் தெரியும்.

ஜெனி பிறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்தது. அத்தான் விடுப்பில் வந்திருந்தார். எங்கள் தெருவுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலின் மதகுப் பாலம் இடிந்து, இரண்டு தென்னை மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கீழே வெள்ளம் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. வாடகைக் கார் அக்கரையில் நின்றது. முன்னால் அம்மாவும் பின்னால் நானும் பிடித்துக்கொள்ள, அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மரத்தின் மேல் நடந்து அக்கரை சேர்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால், பட்டாளத்துக்காரர் இக்கரையிலேயே நிற்கிறார்.

"எனக்கு ரெண்டு மரக்கால் பயமா இருக்கு!" என்று மழைச் சத்தத்தை மீறிக் கத்தினார். "யாராவது முன்னாடி போங்க. நான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

நடவு ஆட்கள் கரையில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் தன் துண்டை அவிழ்த்து நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, பார்டர்லயும் துண்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவீங்களா?"

"அங்கயும் பிடிச்சுக்கலாம்தான் அண்ணே. எவனும் துண்டு போட்டுக்க மாட்டேங்கிறான்."

அவர் நடக்கவில்லை. மரத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் துண்டின் நுனியைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தார். காருக்குள் அக்கா வலியில் முனகுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கரையேறியபோது கைலி பின்பக்கம் கிழிந்திருந்தது. அந்தக் கோலத்தில்தான் ஆஸ்பத்திரியில் மகளைக் கையில் வாங்கினார்.

மறுநாள் நான் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்தத் தென்னை மரங்களுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், கரைக்குக் கரை கயிறு கட்டியிருந்தது. யார் கட்டச் சொன்னது என்று கேட்டேன். தெருவில் ஆளுக்கு ஆள், "எனக்கும் பயந்தான், எனக்கும் பயந்தான்" என்றார்கள். அதுவரை எல்லோரும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே கடந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து சொன்னவர் அத்தான் மட்டும்தான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அத்தான் இறந்து கொஞ்சநாள் கழித்து, அவரோடு வேலை பார்த்த பேராவூரணிக்காரர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். தோப்பிலிருந்து ஒரு மூட்டைத் தேங்காயும் கொண்டு வந்திருந்தார். அத்தான் கடைசியாகத் தூக்கி வந்து காப்பாற்றியது இவரைத்தான்.

"எங்க கூட்டத்துல எல்லாருமே மரக்கால் கணக்கு பேச ஆரம்பிச்சுட்டோம்மா" என்று அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "பஞ்சாப்காரர் ஒருத்தர், மரக்கால்னு சொல்ல வராது, 'மர்கல், மர்கல்'ம்பாரு. அண்ணன் அவருக்கு ஆழாக்குலேர்ந்து பாடம் எடுப்பாரு. அன்னிக்கு நான் கால்ல அடிபட்டு விழுந்துட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவுல வெட்டவெளி. மேலேர்ந்து சுட்டுக்கிட்டே இருக்கான். பனி மூட்டம், ஒண்ணும் தெரியல. அண்ணன் குரல் மட்டும் கேட்டுச்சு. 'டேய், எனக்கு ஒரு கலம் பயமா இருக்குடா! நீ பேசிக்கிட்டே இரு. உன் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்'னாரு."

"என்ன பேசுனீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"என்னத்தைப் பேசுறதுன்னு தெரியலம்மா. எங்க தோப்பைப் பத்திச் சொன்னேன். எந்த மரம் காய்க்குது, எந்த மரத்துல வண்டு விழுந்துச்சுன்னு கத்திக்கிட்டே கிடந்தேன். வந்துட்டாரு. என்னைத் தூக்கிட்டுப் போய் இறக்கிட்டு, எனக்கும் அந்தாண்ட கிடந்த பையனைத் தூக்கத் திரும்பிப் போனாரு." கொஞ்சநேரம் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அந்தப் பையனால பேச முடியலம்மா."

அவர் போன பிறகு இந்தக் கதையை அப்பா ஊரெல்லாம் சொன்னார். மாப்பிள்ளை சிங்கம் மாதிரி கர்ஜித்துக்கொண்டே குண்டுமழைக்குள் போனாராம். கர்ஜித்தது என்னவோ உண்மை. கர்ஜித்த வார்த்தைகளைத்தான் அப்பா விட்டுவிட்டார்.

அத்தானை டெல்லியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில்தான் கொண்டு வந்தார்கள். அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கக் கூடாது என்று நினைப்பேன். யோசித்துவிடுவேன்.

சிலை திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெனிக்குத் தலை பின்னிவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் செய்தித்தாளோடு இருந்தார். அவர் காதில் விழக் கூடாது என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஜெனி, உங்கப்பா மொத மொதல்ல நம்ம வீட்டுக்கு வந்தப்போ என்ன சொன்னாங்க தெரியுமா?"

பல்லியைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ரப்பர் பல்லியைச் சொன்னேன். பின்னலை என் கையிலிருந்து உருவிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். தென்னை மரத்தையும் கிழிந்த கைலியையும் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் குரலும் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஊசிக்கு ஒரு படி, விமானத்துக்கு ஒரு கலம் என்று அளவுகளையும் சொன்னேன். பேராவூரணிக்காரர் சொன்னதையும், ஒன்றையும் விடாமல், அந்தக் கடைசி வார்த்தை வரை சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும், ஐயோ, சின்னப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கலாமா என்று தோன்றியது.

ஜெனி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "அவ்வளவு பயமா இருந்துச்சுன்னா, ரெண்டாந்தடவை ஏன் சித்தி போனாங்க?"

கடமை, நாடு, தைரியம் என்று புத்தகத்து வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்து நின்றன. ஒன்றும் இந்தக் கேள்விக்குப் பொருந்துவதாக இல்லை.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவள் தலையை நிமிர்த்தவேயில்லை. பூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க கிடந்த பையனுக்கு அதைவிடப் பயமா இருந்திருக்கும்ல."

வாசலில் செய்தித்தாள் மடிக்கும் ஓசை கேட்டது. அப்பா உள்ளே வந்து நிலைப்படியில் கை வைத்து நின்றார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்தேவிட்டேன்.

"ஊசிக்கு எவ்வளவுன்னு சொன்ன? ஒரு படியா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாப்பா."

"ஒரு படியாம்ல! ஆணி குத்துனப்ப ஆஸ்பத்திரிக்கு நான்தானே கூட்டிட்டுப் போனேன். என் கையைப் பிடிச்சு நசுக்குன நசுக்குல மறுநாள் என்னால மம்பட்டி பிடிக்க முடியலை. ஒரு படியாம்!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்க்கணக்கு."

மறுநாள் காலை ஊர்முனையில் நல்ல கூட்டம். பந்தல், மைக் செட், பாண்டு வாத்தியம். சிங்கப்பூர்க்காரர்கள் வெள்ளைச் சட்டையில் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். அதிகாரி பேசி முடித்தார். பின்னால் ஒருவர் ஒலிபெருக்கியில், "அஞ்சாநெஞ்சனின் வீர மகள் இப்போது..." என்று முழங்க, ஜெனி படியேறிக் கயிற்றை இழுத்தாள். துணி சரிந்தது.

வெயில் நேராகச் சிலையின் கண்களில் அடித்தது. முன்பு பார்த்ததைவிட மோசமாக இருந்தது; ஸ்தபதி கடைசியாக வார்னிஷ் வேறு பூசியிருந்தார். யாரோ ஜெனியின் கையில் மாலையைக் கொடுத்தார்கள். அவள் ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. பாண்டு வாத்தியம் வாசித்து முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசைப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருந்த என் மகள் சிலையைப் பார்த்து வீறிட்டாள். சின்ன அழுகை இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் சிவந்து, பந்தல் கிழிகிற அழுகை. நான் பதறி எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுடி" என்றாள்.

ஜெனி சிலையைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். மாலையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்து, பாப்பாவைச் சிரமப்பட்டுத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கீழே நின்ற மைக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அதனால் அவள் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது.

"அழாத பாப்பா. எனக்கும் பயமாதான் இருக்கு. வா, ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம்."

ஏறினார்கள். பாப்பா அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். மாலையைச் சிலையின் கழுத்துக்குப் போட யாராவது தூக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு; அந்த ஆள் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். ஜெனி காத்திருக்கவில்லை. எட்டிய இடத்தில், பூட்ஸின் மேல், மாலையை வைத்தாள். இடக்கையால் பாப்பாவை இறுக்கிக்கொண்டு வலக்கையால் சிலுவை போட்டாள். பிறகு திரும்பி, படியிறங்கி, பாப்பா குலுங்கக் குலுங்க, எங்களைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள்.